நீலப் பூட்டு

தையல்காரி பயப்படுவதற்கு விருந்தாளிகள் வானத்திலிருந்து இறங்கி வந்திருக்கவே வேண்டியதில்லை. அவர்கள் வருவதற்கு முன்பும் அவள் பயந்துகொண்டுதான் இருந்தாள். பால் பொங்கினால் பயம், பொங்காவிட்டால் திரிந்துவிட்டதோ என்று பயம். தம்பி பள்ளிக்கூடத்திலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானால் தெருமுனை வரைக்கும் போய், எதிரே வருகிற ஒவ்வொரு சைக்கிளையும் நிறுத்தி விசாரிக்காத குறையாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்போது அவளே பாவாடைப் பருவம் தாண்டி வந்த பெண்தான். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த வீட்டில் மிச்சமிருந்தவை ஒரு தையல் மெஷினும் இந்தத் தம்பியும். இரண்டையும் யாருக்கும் இரவல் கொடுக்க மாட்டாள்.

மெஷினை வைத்துத் தம்பியை வளர்த்தாள். பேண்ட்டின் நீளம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, போன ஜிப்பை மாற்றுவது, இதுதான் தொழில். புதுத் துணி தைக்கக் கேட்டால் மாட்டேன் என்பாள். வெட்டியது தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ஏற்கெனவே தைத்ததைத் திருத்துவதில் அந்த ஆபத்து குறைவு என்பது அவள் கணக்கு. குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டுதான் வேலை செய்வாள். அந்த நேரத்தில் தம்பியும், பிற்பாடு வந்த கணவரும் தைரியமாக எதை வேண்டுமானாலும் சொல்வார்கள், பதில் வராது.

கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை லிப்ட் மெக்கானிக் என்றதும், அந்தரத்தில் தொங்குகிற வேலைக்காரரே வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றாள். பார்க்க வந்தவர் நாற்காலியில் உட்காரும் முன் அதை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார். நான்கு காலும் சமமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகுதான் உட்கார்ந்தார். கூட வந்தவர்களுக்கு மானம் போயிற்று, இவளுக்கோ மனது குளிர்ந்துவிட்டது. அந்த மனிதருக்கு வேலை செய்யும் இடத்தில் பெயரே 'ஜாக்கிரதை'. சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருக்கும், அதைச் சொன்னால் யாருக்கும் தெரியாது.

தம்பி படிப்பில் அப்படி இப்படி என்று இருந்ததால் அவனையும் ஜாக்கிரதையிடமே தொழில் பழகச் சேர்த்துவிட்டாள். இப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால் சின்னவனுக்கு எதுவும் ஆகாது என்று நம்பினாள். சின்னவன் என்றால் ஆறடி உயரம். அக்காவுக்கு மட்டும் இன்னும் சின்னவன்.

ஜாக்கிரதை அவனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது திருப்புளியைப் பிடிக்க அல்ல, பூட்டுப் போட. லிப்ட் ஓடுகிற பாதைக்கு அடியில், தரைக்கும் கீழே, ஒரு குழி உண்டு. அதில் இறங்கி வேலை செய்யும்போது மேலே நிற்கும் லிப்ட் இறங்கினால் கதை முடிந்தது. அதனால் மொட்டை மாடி மோட்டார் அறைக்குப் போய், மெயின் ஸ்விட்சை அணைத்து, அந்தக் கைப்பிடியில் பூட்டைத் தொங்கவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் குழிக்கு வர வேண்டும். ஆளுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரே சாவி. ஜாக்கிரதையின் பூட்டுக்குச் சிவப்புப் பெயிண்ட், சின்னவனுடையதற்கு நீலம்.

"உன் பூட்டு மேல தொங்குற வரைக்கும்தான் நீ உயிரோட இருக்க, மாப்ள. அடுத்தவன் பூட்ட நம்பி எறங்காத. என் பூட்டயும் நம்பாத" என்பார்.

போகிற கட்டடங்களில் எல்லாம் குடியிருப்பவர்களையும் கூப்பிட்டு வைத்துப் பாடம் நடத்துவார். பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான், தொடாதீர்கள். பூட்டு இல்லையா, வேலை முடிந்தது, தாராளமாக ஸ்விட்சைப் போடுங்கள். மக்கள் தலையாட்டுவார்கள். வேறு எந்த அறிவுரையையும் இந்த ஊரில் யாரும் இவ்வளவு ஒழுங்காக மனதில் வாங்கியதில்லை. அதுவே வினையாகும் என்று யார் கண்டார்கள்.

விருந்தாளிகள் வந்தது ஒரு மழைக்காலத்தில். வானம் பிளக்கவில்லை, ஒளி வெள்ளம் பாயவில்லை. ரயில் பாதைக்கு அப்பால் காலியாகக் கிடந்த பழைய கிடங்கில் ஒரு காலையில் அவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். அரசாங்கம் 'விருந்தாளிகள்' என்று பெயர் வைத்தது. அழைக்காமல் வந்தவர்களுக்கு அது கொஞ்சம் பெரிய பெயர். நம் இடுப்பு உயரம் இருப்பார்கள். நனைந்து காய்ந்த அட்டை மாதிரி ஒரு தோல். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மடிப்பு மடிப்பாக ஏதோ ஒன்று, அதில் எது கண் எது வாய் என்று கடைசி வரை யாருக்கும் பிடிபடவில்லை. பேச்சு கிடையாது. நடந்தால் சத்தம் கிடையாது. எப்போதும் மூன்று நான்கு பேராகத்தான் வருவார்கள்.

அவர்கள் செய்தது ஒரே ஒரு காரியம். யாருடைய பொருள் யாரிடம் இருக்கிறதோ, அதை எடுத்து உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். முதலில் ஊரே சிரித்தது. எதிர்வீட்டம்மா இரவல் வாங்கி மறந்தே போன கரண்டி, சல்லடை, குக்கர் மூடி எல்லாம் ஒரே நாளில் சொந்த வீடுகளுக்குத் திரும்பின. அன்றைக்கு அந்த அம்மாவுக்குச் சமைக்கப் பாத்திரமில்லை. அப்புறம் சிரிப்பு நின்றது. ஒரு வீட்டுப் படுக்கையறையிலிருந்து எடுத்த கம்மல் மூன்று தெரு தள்ளி இன்னொரு வீட்டு வாசலில், அந்த வீட்டு மாமியாரின் கண்ணெதிரே, உரியவளிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு குடும்பங்கள் பிரிந்தன. கதவும் பெட்டியும் பூட்டும் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. பூட்டிய பெட்டி பூட்டியபடி இருக்கும், உள்ளே இருந்த பொருள் மட்டும் போயிருக்கும். ஒருவர் தன் பொருளைத் தானே ஓரிடத்தில் வைத்திருந்தால் தொட மாட்டார்கள். அடுத்தவர் கொண்டுவந்து வைத்ததாக இருந்தால் விட மாட்டார்கள். இவ்வளவுதான் படித்தவர்களும் கண்டுபிடித்தது. எப்படித் தெரிகிறது, எதற்காகச் செய்கிறார்கள் என்று கேட்டால் குழு அமைத்திருக்கிறோம் என்றார்கள்.

பிறகு அந்தப் பேச்சு கிளம்பியது. மருந்துக்கடைக்காரரின் அப்பாவுக்கு வரிசையாகப் பொருள்கள் திரும்பி வந்தன, மனிதர் போய்விட்டார். இஸ்திரிக்காரரின் பெரியம்மாவுக்கும் அப்படியே. யாருக்கு முடிவு நெருங்குகிறதோ அவருக்குச் சேர வேண்டியதை எல்லாம் முதலில் கொடுத்துக் கணக்கு தீர்க்கிறார்கள் என்று ஊர் முடிவு கட்டியது.

"வயசானவங்க நெறைய இரவல் குடுத்திருப்பாங்க. வயசானவங்க செத்தும் போவாங்க. இதுல என்ன அதிசயம்?" என்றார் ஜாக்கிரதை.

தையல்காரி உதட்டில் குண்டூசி இருந்ததால் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊசிகள் நடுங்கியதை அவர் பார்த்தார்.

சின்னவனுக்கு முதலில் வந்தது ஒரு காற்றடிக்கும் பம்பு. பள்ளிக்கூட நாட்களில் யாரோ ஒரு பையனுக்குக் கொடுத்தது. சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்து ஒரு ஸ்வெட்டர். அவனிடம் வாங்கிப் போட்டுக்கொண்டு வெளியூர் போன நண்பன் திருப்பித் தராமலே விட்டது. தையல்காரி பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர் அது. அதைப் பார்த்ததும் அவள் விரல் மடக்கி எண்ணத் தொடங்கினாள். மூன்றாவதாக, பஸ்ஸில் தொலைந்த கைக்கடிகாரம். அதை வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவனோ வாங்கி, காதில் வைத்துக் கேட்டு, "அக்கா, இன்னும் ஓடுது" என்றான். அந்த வார்த்தைகூட அவளுக்கு நல்லதாகப் படவில்லை.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சின்னவன் வேலைக்குக் கிளம்பும்போது வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள். தலைவலிக்கிறது என்பாள், தண்ணீர்க் குழாயைப் பார்த்துவிட்டுப் போ என்பாள். ஒரு நாள் ஜாக்கிரதை அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் குழி வேல. தண்ணி ஊறி நிக்குது, ஸ்பிரிங்கு துருப்பிடிச்சுப் போச்சு. ரெண்டு பேர் வேணும். அவன வர விடும்மா."

"குழியா? என்னங்க, மூணு பொருள் வந்திருக்கு. குழிக்குள்ள எறக்குறேங்குறீங்க."

"பூட்டுப் போட்டுத்தானே எறங்குவான்."

"அப்ப பூட்டு இல்லன்னா எறங்க மாட்டான் இல்ல?" என்று கேட்டாள் தையல்காரி. கேட்ட பிறகுதான் அவளுக்கே வழி தெரிந்தது. "நீங்க அவன் பூட்ட எடுத்துட்டுப் போயிடுங்க. காலைல தேடுவான், கெடைக்காது. பூட்டு இல்லாம ஒரு நாளும் வர மாட்டான், நீங்க பழக்கினவன். உங்க சிவப்புப் பூட்டுதான் எறுகிப் போச்சுன்னு எண்ணெயில ஊற வெச்சிருக்கீங்களே. அவனோடதப் போட்டுக்கங்க. ஒரு நாளைக்குத்தான்."

ஜாக்கிரதை அவளைப் பார்த்தபடி நின்றார். இத்தனை வருடத் தொழிலில் அவர் அடுத்தவர் பூட்டைத் தொட்டதில்லை. தனியாகக் குழியில் இறங்கியதும் இல்லை. இரண்டையும் ஒரே நாளில் செய்யச் சொல்கிறாள். ஆனால் அவள் கண்ணுக்குக் கீழே கருத்துப்போய், பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவள்போல இருந்தாள். ஜாக்கிரதைக்கு ஜாக்கிரதை இல்லாத இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று உண்டென்றால் அது இவள்தான்.

"ஒரு நாளைக்குத்தான்" என்றார்.

காலையில் அவர் நீலப் பூட்டோடு கிளம்பிப் போனார். சின்னவன் எழுந்து பையைக் கொட்டிப் பார்த்தான், கட்டிலுக்கு அடியில் பார்த்தான், அக்காவின் துணிக் குவியலைப் புரட்டிப் போட்டான். மாமாவுக்கு போன் செய்தான். "பூட்டு இல்லன்னா வீட்ல இரு, சின்ன வேலதான், நான் பாத்துக்குறேன்" என்று பதில் வந்தது. அவன் முணுமுணுத்துக்கொண்டே பின்கட்டுக்குப் போய்த் துணி துவைக்க உட்கார்ந்தான். தையல்காரிக்குப் பல நாள் கழித்து மூச்சு சீராக வந்தது. ஒரு பேண்ட்டை எடுத்து, ஊசிகளைக் கவ்விக்கொண்டு, மெஷினில் உட்கார்ந்தாள்.

வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தாள். மூன்று பேர் நின்றார்கள். முன்னால் நின்றதன் கையில் சின்னவனின் நீலப் பூட்டு இருந்தது.

நான்காவது பொருள். அவள் மனதில் ஓடியது அது ஒன்றுதான். எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்று எதுவும் ஓடவில்லை. பாய்ந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். கதவு அவர்களுக்குப் பொருட்டில்லை என்று ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் முதுகைக் கதவில் கொடுத்து நின்றாள். ஊசிகளைத் துப்பிவிட்டு, பின்கட்டுக்குக் கேட்காத குரலில் கெஞ்சினாள்.

"வேணாம். அவன் வீட்ல இல்ல. இதத் தூக்கிட்டுப் போயிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

திரும்பிப் பார்த்தால் அவர்கள் அறைக்குள் நின்றார்கள். தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. பின்கட்டுப் பக்கம் நகர்ந்தார்கள். அவள் முன்னால் போய்க் குறுக்கே நின்றாள். ஒரு புடவையை விரித்துத் தடுத்தாள். கிட்டே போனால் அவர்களிடமிருந்து வெயிலில் காய்ந்த துணியின் வாசனை வந்தது, அது வேறு அவளைக் கலக்கியது. இடித்துத் தள்ள அவர்களுக்கு மனமில்லை போலும், அல்லது அவசரமில்லை. அவள் இந்தப் பக்கம் வந்தால் அவர்கள் அந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம் போனால் அவர்கள் இந்தப் பக்கம். கபடி ஆடுவதுபோல இப்படியே நேரம் போயிற்று. அது எவ்வளவு நேரம் என்று பிற்பாடு அவள் எத்தனையோ முறை கணக்குப் போட்டுப் பார்த்தாள். அடுப்பில் வைத்த தண்ணீர் சுண்டிப்போயிருந்தது, அவ்வளவுதான் தெரியும்.

சத்தம் கேட்டுச் சின்னவன் ஈரக் கையோடு உள்ளே வந்தான். "என்னக்கா?" என்றவன் பூட்டைப் பார்த்தான். வளைவுக் கம்பி திறந்து தொங்குவதையும் பார்த்தான்.

"இது எங்க இருந்துச்சு?"

அவள் புடவையை இன்னும் அகலமாக விரித்துப் பிடித்தாள்.

"அக்கா, என் பூட்டு யார்கிட்ட இருந்துச்சு? மாமா எத்த மாட்டிட்டுக் குழியில எறங்கினாரு?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சின்னவன் மாமாவுக்கு போன் போட்டான். குழிக்குள் சிக்னல் கிடையாது. பூட்டை அந்தக் கையிலேயே விட்டுவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். தையல்காரி கணவரின் வேலை நோட்டைப் புரட்டினாள். எப்படியோ அந்தக் கட்டடத்துக் காவல்காரரின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தாள்.

"லிப்ட் வேலயா? முடிஞ்சிருச்சு போலம்மா. அஞ்சாவது மாடி டீச்சரம்மா துணி காயப்போட மேல போனாங்களாம். பூட்டு இல்ல, சரி வேல முடிஞ்சுதுன்னு ஸ்விட்சைப் போட்டு விட்டாங்க. பாவம், அவங்களுக்கு மூட்டு வலி. மோட்டார் சத்தம் கேக்குது பாருங்க."

"நிறுத்துங்க. அத நிறுத்துங்கண்ணே. அவரு கீழ இருக்காரு."

"கீழயா? நான் பின் கேட்ல இருக்கேம்மா, தண்ணி லாரி வந்திருக்கு. இருங்க, ஓடுறேன்."

அவர் ஓடுகிற சத்தம் கேட்டது. மூச்சிரைப்பது கேட்டது. அப்புறம் இரும்பில் இரும்பு உரசுவதுபோல ஒரு சத்தம், யாரோ கத்துவது, போன் தரையில் விழுவது. அதற்குப் பிறகு எவ்வளவு கூப்பிட்டும் யாரும் எடுத்துப் பேசவில்லை. விருந்தாளிகள் சின்னவனைத் தேடி வாசல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்.

ஜாக்கிரதை சாகவில்லை. மேலே கயிறு அசைந்தவுடனேயே அவர் தண்ணீருக்குள் குப்புறப் படுத்துவிட்டார். லிப்டைக் கீழே தாங்குகிற ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற அளவு இடம் உண்டு, அதை அவர் தொழிலுக்கு வந்த முதல் நாளே பார்த்து வைத்தவர். ஆனால் இடது கால் ஏணிப் படியில் இருந்தது. அதை இழுத்துக்கொள்ள நேரம் போதவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். குழியிலிருந்தே லிப்டை நிறுத்தும் அவசரப் பொத்தானைச் சரிசெய்யச் சொல்லி அவர் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். கட்டடத்துக்காரர்கள் பார்க்கலாம் பார்க்கலாம் என்றே இருந்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்ததும் தையல்காரி எதையும் மறைக்கவில்லை. "பூட்டு நம்ம வாசலுக்கு வந்துச்சுங்க. நான் கதவைச் சாத்தினேன். அவன்கிட்ட போக விடாம மறிச்சேன். அப்பவே விட்டிருந்தா காவல்காரருக்கு போன் பண்ணியிருப்பான், உங்க கால் இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

"அடுத்தவன் பூட்டப் போட்டது நான். நீ கேட்டே, சரி. முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் இருந்துச்சு இல்ல" என்றார். பிறகு, "டீச்சரம்மாவ யாரும் திட்டாம பாத்துக்க. நான் சொன்னபடிதான் செஞ்சாங்க" என்றார்.

கோபப்பட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான்காவது பொருளும் வந்தாயிற்று. சின்னவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை. ஊர்ப்பேச்சு பொய் என்று ஊரே சொல்ல ஆரம்பித்தது, கிளப்பிவிட்டவர்களே முதலில் சொன்னார்கள். தையல்காரி மட்டும் நம்பவில்லை. கணக்கு ஆள் மாறிப்போயிற்று, இன்னும் தீரவில்லை என்று அவள் மனது அடித்துக்கொண்டது. இந்த நேரத்தில்தான் சின்னவன் மாமாவின் வேலைக்குத் தான் போவதாகச் சொன்னான்.

"என் பூட்ட நானே போடுவேன்கா. நாமளே வெச்சத அவங்க தொட மாட்டாங்க."

"உன்கிட்ட வந்து சொன்னாங்களா? கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்களா?"

"அப்ப என்ன பண்ணச் சொல்ற? மாமா காலுக்கு மருந்து, வீட்டுச் செலவு, எல்லாத்துக்கும் பேண்ட்டு நீளம் கொறச்சே சம்பாதிச்சிருவியா?"

அவள் கணவரைப் பார்த்தாள். ஜாக்கிரதை ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "போகட்டும்மா" என்றார்.

"போகட்டும். நானும் போறேன்" என்றாள் தையல்காரி.

மாடிப்படியில் விளக்கு எரியாவிட்டால் ஏற மாட்டாள், இவள் மொட்டை மாடி மோட்டார் அறையில் போய் உட்காரப் போகிறாளாம். உட்கார்ந்தாள். சின்னவன் குழியில் இறங்கும் நாளில் எல்லாம், எந்தக் கட்டடமானாலும், ஒரு முக்காலியும் தைக்க வேண்டிய துணிப் பையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். அவன் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுவான். பூட்டை அவள் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பாள். அவன் கீழே போனதும் முக்காலியை ஸ்விட்சுக்கு முன்னால் போட்டுக்கொண்டு உட்காருவாள். ஒரு கை தைக்கும் துணியைப் பிடித்திருக்கும், மறுகை அடிக்கடி பூட்டைத் தொட்டுப் பார்க்கும். மோட்டார் அறையின் தரையில், கயிறுகள் இறங்கும் ஓட்டைகள் வழியாகக் குழி வரைக்கும் குரல் போகும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் குனிந்து, "இருக்கேன்டா" என்பாள். கீழேயிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, "சரிக்கா" என்று வரும். மெக்கானிக்குகள் மத்தியில் இது ஒரு வேடிக்கையாயிற்று. அவளுக்கு 'அக்கா பூட்டு' என்று பேர் வைத்தார்கள். பைத்தியம் என்றும் சொல்லியிருப்பார்கள். அவள் கவலைப்படவில்லை.

ஆனால் அவள் அங்கே உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் வீட்டில் ஜாக்கிரதை தனியாக இருந்தார். தண்ணீர் எடுக்க எழுந்து ஒரு முறை விழுந்தும் இருக்கிறார். சொல்லவில்லை, முழங்கையில் இருந்த காயத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அன்று அவள் கிளம்பும்போது, "எத்தன மணிக்கு வருவ?" என்று மட்டும் கேட்டார். அதற்கு முன்பு ஒரு நாளும் அவர் அப்படிக் கேட்டதில்லை. அந்தக் கேள்வி வழி முழுவதும் கூடவே வந்தது. மாடி ஏறும்போது அவளுக்குத் தோன்றியது: தம்பிக்குப் பயந்து புருஷனைக் குழியில் தள்ளினேன், இப்போதும் தம்பிக்காக அவரைத் தனியே விட்டுவிட்டு வருகிறேன்.

அன்றைக்குத்தான் அவர்கள் வந்தார்கள். துணியிலிருந்து கண்ணை எடுத்தபோது கதவருகே மூன்று பேர் நின்றார்கள். அவளுடைய கை தானாகப் போய்ப் பூட்டை மூடிக்கொண்டது. அவர்கள் கையைப் பார்த்தாள். மூன்று பேர் கையிலும் எதுவும் இல்லை. கொடுக்க வரவில்லை, எடுக்க வந்திருக்கிறார்கள்.

"இது அவன் பூட்டு. அவனே போட்டது. என் கண்ணு முன்னாடி போட்டான்" என்றாள்.

அவர்கள் பூட்டின் பக்கம் திரும்பவில்லை. முன்னால் நின்றது நெருங்கி வந்து கையை நீட்டியது. பூட்டை நோக்கி அல்ல, அவளை நோக்கி. அவளுடைய முழங்கையை, ஒரு குழந்தையைத் தெரு கடத்திவிடப் பிடிப்பதுபோல, மெல்லத் தொட்டது.

அவளுக்கு எல்லாம் புரிந்தது. இங்கே இடம் மாறிக் கிடக்கும் பொருள் அவள்தான். உரியவரிடம் கொண்டுபோய் விட வந்திருக்கிறார்கள். வீட்டில் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவரிடம். கூட்டிக்கொண்டு போனால் அவர் சந்தோஷப்படுவார். தான் எழுந்து போன மறுநிமிடம் இந்த அறை காலி. கீழே குழியில் அவன். அம்மாவிடமிருந்து அவளுக்கு வந்தவன், அவளிடமிருந்து ஜாக்கிரதைக்குப் போனவன், ஜாக்கிரதையிடமிருந்து மறுபடி அவளுக்கே வந்தவன். அவளையும் அப்படித்தான், ஒருவர் மாற்றி ஒருவருக்கு என்று எல்லோரும் வைத்திருந்தார்கள். அவளும் அப்படியே இருந்துகொண்டாள். பயமாக இருந்தது, அழுகை வந்தது. ஆனால் அதையும் தாண்டி அவளுக்குக் கோபம் வந்தது. வாழ்நாளில் வந்த கோபங்களை எண்ணினால் ஒரு கை விரல்கள் போதும்.

"என்ன யாரும் இங்க கொண்டுவந்து வெக்கல. நானேதான் வந்து உக்காந்திருக்கேன்" என்றாள்.

அந்தக் கை அவள் முழங்கையிலேயே இருந்தது.

"அவரும் அனுப்பல. இவனும் கூப்பிடல. நானா வந்தேன். வேல முடிஞ்சதும் நானே எழுந்து வீட்டுக்குப் போவேன். யாரும் கொண்டுபோய் விட வேணாம்."

கை விலகியது. ஆனால் அவர்கள் போகவில்லை. கதவருகே மூன்று பேரும் அப்படியே நின்றார்கள், அந்த மடிப்புகள் அவள் பக்கமே இருந்தன. நம்பினார்களா, உண்மையா என்று பார்க்கக் காத்திருக்கிறார்களா, அவளுக்குத் தெரியவில்லை. அவள் பூட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஓட்டை வழியாகக் கீழேயிருந்து குரல் வந்தது. "அக்கா, யார்கூடப் பேசிட்டிருக்க?"

"யாரும் இல்லடா" என்றாள் தையல்காரி. "நீ வேலய முடி. சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்."